அஞ்சலைக்கு நான் கொடுத்த எண்ணெய்

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானை மதியத்துக்கு முன்பே காலியாகிவிடுகிறது என்று ஆயாதான் முதலில் முறையிட்டாள். பிள்ளைகள் இறைத்து விளையாடுகிறார்கள் என்று தலைமையாசிரியர் நினைத்தார். பானைக்குப் பக்கத்தில் இருந்தது என் மூன்றாம் வகுப்பு. பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்கும்படி என்னிடமே சொன்னார். விசாரிக்க ஒன்றும் இல்லை. குடித்தது நான்தான்.

ஒரு பாடம் முடிவதற்குள் இரண்டு முறை வெளியே போய்வர வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியில் அப்போது ஆசிரியைகளுக்குக் கழிப்பிடம் கிடையாது. பக்கத்து வீட்டுக்குத்தான் போகவேண்டும். அந்த வீட்டம்மாள் ஒருநாள், "இன்னா டீச்சர், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். வெயில் அதிகம், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்கிறேன் என்றேன். அது கார்த்திகை மாதம். நான் அதைச் சொல்லும்போது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்ததை எழுதுகிறேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. செங்கல்பட்டில் வீடு. திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. இதைப் படிக்கும் உங்களில் பலர் கையில் ஒரு சீட்டுடன் ஏதோ ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் ஏதாவது ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கும் அந்த ஒருவராக நான் இருந்திருக்கிறேன்.

மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை மாற்றியும் கரும்பலகை மங்கலாகவே தெரிந்தது. எடை குறைந்து ரவிக்கைகள் தோளில் நிற்காமல் போயின. என் கணவர்தான் பிடிவாதமாகச் செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னைவிட இளையவர். அதிகம் பேசமாட்டார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறக் கரைசலை ஊற்றி, என் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். என் குழாய் என் கண்ணெதிரே நிறம் மாறி மாறிச் செங்கல்லில் போய் நின்றது.

"நீரிழிவு" என்றார் டாக்டரம்மா (சாப்பாட்டில் இருந்து வரும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த முடியாமல், அது ரத்தத்திலேயே தங்கிப்போகும் நோய்). "உங்களுக்கு ஊசி இப்போதைக்கு வேண்டாம். மாத்திரை தருகிறேன். அரிசியைக் குறையுங்கள், நடங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை வாருங்கள்."

என் கணவர் ஊரில் இருந்த ஓர் எண்ணெய் மில்லில் மேற்பார்வையாளராக இருந்தார். எள்ளும் கடலையும் அவர் உடம்பின் வாசனையாகவே ஆகிவிட்டிருந்தன. வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே நல்லெண்ணெய்தான்."

"எதுக்குங்க?"

"கடலை எண்ணெயைக் கொஞ்ச நாள் திறந்து வை, காறிப்போகும். வாயில வைக்க முடியாது. நல்லெண்ணெய் அப்படிப் போகாது. ஆறு மாசம் ஆனாலும் வாசனை மாறாது. கெட்டுப்போகாம அதைக் காப்பாத்தற சரக்கு ஏதோ ஒண்ணு எள்ளுக்குள்ளயே இருக்கு. எண்ணெயைக் காப்பாத்தறது ஒடம்பைக் காப்பாத்தாதா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் பொய் சொல்பவர் இல்லை. முப்பது வருஷம் எண்ணெயோடு பழகியவர். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் குடித்தேன். குழம்பு, தாளிப்பு எல்லாம் அதிலேயே. கூடவே மாத்திரையும் சாப்பிட்டேன், மதியம் கேழ்வரகுக் களி, மாலையில் கொளவாய் ஏரிக்கரையில் நடை. நான்காவது மாதம் என் குழாய் நீலமாகவே நின்றது.

நான் செய்த நான்கு காரியங்களில் எது வேலை செய்தது என்று நான் யோசிக்கவில்லை. மாத்திரை எல்லோரும் சாப்பிடுவது. களி எல்லோரும் தின்பது. எண்ணெய் மட்டும்தான் எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது. அதனால் எண்ணெய்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அஞ்சலையை நான் பார்த்தது அந்தத் தாழ்வாரத்து பெஞ்சில்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தோள் எலும்பு தெரியும் ஒல்லி. கரைக்கு வரும் மீனைக் கூடையில் வாங்கித் திருக்கழுக்குன்றம் வரை கொண்டுபோய் விற்பாள். ஒரு வருடம் முன்பு அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. அப்போது சோதித்ததில்தான் சர்க்கரை தெரிந்தது. அவளுக்கு முதலிலிருந்தே ஊசி. இன்சுலின் (சர்க்கரையை உடம்பு பயன்படுத்த உதவும் சுரப்பு, சிலருக்கு உடம்பில் அது ஊறுவதே நின்றுபோகிறது) தினமும் காலையில் போட்டாகவேண்டும்.

முதல் நாளே என்னை "நீ" என்றுதான் கூப்பிட்டாள். இருபது வருடமாக எல்லோரும் "டீச்சர், வாங்க, போங்க" என்றே பேசிக் கேட்டிருந்த எனக்கு அது பிடித்திருந்தது.

"இன்னா டீச்சரே, ஒனக்கு நீலமா வந்துச்சா?"

"ஆமாம். உனக்கு?"

"எனக்கு இன்னிக்கும் செங்கல்தான். எங்க வூட்டுக்காரு சொல்றாரு, இப்டியே போனா ஒரு சூளையே வெச்சிடலாம்னு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். திரும்பும்போது ஒரே பஸ்ஸில் ஏறுவோம். நான் வியாழக்கிழமைகளில் அரைநாள் விடுப்பு எடுத்துவிட்டு மதியப் பள்ளிக்குப் போவேன். என் கிராமத்தில் நான் இறங்கும்வரை பேசிக்கொண்டே வருவாள். மீன் கூடை இல்லாமல் பஸ்ஸில் போவது அவளுக்கு இந்த ஒருநாள்தான் என்பாள். கண்டக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை பார் என்று என் கையைக் கிள்ளுவாள்.

அவளுக்கு ஊசியில் ஒரு தொல்லை இருந்தது. மாமல்லபுரத்தில் இருந்த மருந்தகத்துக்குப் போய்த்தான் போட்டுக்கொள்ளவேண்டும்.

"காலீல ஏழு மணிக்குக் கம்பவுண்டரு ஊசியோட குந்திகினு இருப்பாரு. எட்டு மணிக்கு மேல போனா பூட்டிகினு பூடுவாரு. ஏழு மணிக்குத்தான் எங்க கட்டுமரமும் கரைக்கு வருது. நான் மீனுக்குப் போறதா, ஊசிக்குப் போறதா, நீயே சொல்லு."

இன்னொன்றும் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. "ஊசி போட்டுகினே இருந்தா வயித்துல புள்ள தங்காதாம். குப்பத்துல சொல்றாங்க. மெய்யா டீச்சரே?"

எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். நான், "யாருக்குத் தெரியும்" என்றேன்.

அடுத்த முறை அவளுக்கு ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுபோனேன். என் கணவர் மில்லில் இருந்து அன்று ஆட்டியதாகப் பார்த்துக் கொண்டுவந்தது. தினமும் ஒரு கரண்டி என்று சொல்லிக் கொடுத்தேன். ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் பாட்டிலை முகர்ந்து பார்த்து, "இத்த கொழம்புல ஊத்தினா எங்க வூட்டுக்காரு தட்டையே நக்குவாரு" என்றாள்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. எனக்கு நோய் தெரிந்து ஒரு வருடம் கழிந்திருந்த அந்தத் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மருத்துவமனையில் நீலக் கரைசல் தீர்ந்துபோயிருந்தது. என் வீட்டில் ஒரு குழாயும் விளக்கும் கரைசலும் வாங்கி வைத்திருந்தேன். அஞ்சலையை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சமையலறையில் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நீலம் கலங்கி, பச்சையாகி, அந்தப் பச்சையிலேயே நின்றுவிட்டது.

"டீச்சரே!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "செங்கல்லு இல்ல! பாரேன், செங்கல்லு இல்ல!"

அன்று காலை அவள் ஊசி போட்டிருந்தாள். கடலில் காற்று சரியில்லாமல் இரண்டு நாளாகத் தொழில் இல்லை, வீட்டில் வெறும் கஞ்சித் தண்ணீர். அதனால்தான் மருந்தகத்துக்குப் போக அவளுக்கு நேரமும் இருந்தது. இதையெல்லாம் மருத்துவமனையிலிருந்து என் வீட்டுக்கு நடந்து வரும்போது அவளே சொன்னாள். தெரிந்திருந்தும் அந்தப் பச்சைக்கான பெருமையை நான் எண்ணெய்க்குத்தான் கொடுத்தேன்.

அப்போது நான் சொன்னது இதுதான். வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"பார்த்தியா அஞ்சல? எனக்கெல்லாம் ஒரு ஊசிகூட இல்லாமலே இறங்கிடுச்சு. எல்லாம் எண்ணெய்தான். நீயும் இதையே கெட்டியா பிடிச்சுக்கோ."

அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புதுப் பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, அடுத்த முறை வரவேண்டிய வியாழக்கிழமை, பெஞ்சில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தேன். பத்து மணி வரை வரவில்லை. பத்தரை மணிக்கு வாசலில் ஒரு மீன் வேன் வந்து நின்றது. ஐஸ் பெட்டிகளோடு சென்னைக்குப் போகும் வேன். அதிலிருந்து ஈரக் கைலியோடு ஓர் ஆள் இறங்கி, ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சேலையை அடையாளம் கண்ட பிறகுதான் அது அஞ்சலை என்று எனக்குத் தெரிந்தது.

வெகுதூரம் ஓடிவந்தவள் போல அவள் ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் கண் திறக்கவில்லை. கன்னங்கள் உள்ளே போயிருந்தன. பக்கத்தில் போனபோது, அதிகம் பழுத்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை அவள் மூச்சில் வந்தது. மீன் வாசனைக்கும் ஐஸுக்கும் நடுவில் அந்தப் பழ வாசனை எங்கிருந்து வருகிறது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

டாக்டரம்மா ஓடிவந்து அவள் முகத்தருகே குனிந்தார். உடனே நிமிர்ந்து அந்த ஆளைப் பார்த்தார். அவன்தான் அவள் புருஷன் முனுசாமி.

"எத்தனை நாளா ஊசி போடல?"

"மொதல்ல ஒரு நாளு வுட்டு ஒரு நாளு போட்டுகினு இருந்துச்சும்மா. அப்பறம் நிறுத்திடுச்சு. ஆறு நாளு ஆவுது. நேத்துலேர்ந்து வாந்தி. வவுத்துல வலின்னு சொல்லிகினே இருந்துச்சு."

"ஏன் நிறுத்தினாங்க?"

"எண்ணெ குடிச்சா போதும்னு சொல்லுச்சு. டீச்சரு குடுத்த எண்ணெ."

அவனுக்கு நான் யார் என்று தெரியாது. முன்பு பார்த்ததில்லை. மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான்தான் அந்த டீச்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டரம்மா மட்டும் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது, அதில் வரும் கழிவு ரத்தத்தைப் புளிக்க வைத்துவிடுகிறது (மருத்துவர்கள் இதை ரத்தத்தில் அமிலம் ஏறுவது என்பார்கள், அந்தப் பழ வாசனை இதனால் வருவதுதான்). பெண்கள் வார்டில் அவளுக்கு உப்புநீர் ஏற்றினார்கள். மணிக்கு ஒருமுறை ஊசி, மணிக்கு ஒருமுறை சோதனை. செவிலியர் ஒருவரே இருந்தார். குழாயைக் காய்ச்சி நிறம் பார்க்க எனக்குத் தெரியும் என்றேன். வார்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் விளக்கை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். செங்கல், செங்கல், செங்கல் என்று சீட்டில் எழுதினேன்.

முனுசாமி தூணில் சாய்ந்து குந்தியிருந்தான். மாலையில் அவனே எழுந்து வந்து கேட்டான். "நீங்க நர்ஸம்மாங்களா?"

"இல்ல. நான்தான் அந்த டீச்சர்."

அவன் திரும்பிப் போய் அதே தூணருகே உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், பச்சை நிறம், நான் சொன்ன வாக்கியம். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கள் கணவர் சொன்னது பொய் இல்லை" என்றார். "எண்ணெய் காறிப்போவது காற்றினால். காற்றில் இருக்கும் பிராணவாயு எண்ணெயை அரிக்கிறது. எள்ளில் அதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நல்லெண்ணெய் கெடாமல் இருப்பது அதனால்தான். புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அது பாட்டிலுக்குள். நம் ரத்தத்துக்குள் போய் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நல்லது செய்யலாம். பிற்காலத்தில் யாராவது கண்டுபிடிக்கலாம். அப்போதும் இன்சுலின் ஊறாத உடம்பில் அது இன்சுலினாக மாறிவிடாது."

"எனக்கு மட்டும் எப்படி டாக்டர்?"

"உங்கள் நோயும் அவள் நோயும் பெயரில்தான் ஒன்று. உங்கள் உடம்பில் இன்சுலின் இருக்கிறது, மந்தமாக வேலை செய்கிறது. மாத்திரை அதைத் தட்டி எழுப்புகிறது. அவள் உடம்பில் தட்டி எழுப்ப எதுவும் இல்லை."

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "ஏழு மணிக்கு மருந்தகம் போக முடியவில்லை என்று என்னிடம் அவள் சொல்லவே இல்லை. உங்களிடம் சொன்னாளா?"

"சொன்னாள்."

"என்னிடம் சொல்லியிருந்தால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருப்பேன். புருஷனுக்குக் கற்றுக்கொடுத்திருப்பேன். ஈர மணலில் பானையைப் புதைத்து மருந்தை அதில் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பத்துக்கும் ஊசியால் கெடுதல் இல்லை. ஊசி இருந்தால்தான் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையே தங்கும்."

அந்த அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அதற்குப் பிறகு அந்த நாளில் நடந்தது எதுவும் நினைவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அஞ்சலை கண் திறந்தாள். குழாய் ஆரஞ்சுக்கு வந்திருந்தது. முனுசாமி டீ வாங்கப் போயிருந்தான். அவள் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். பஞ்சை நனைத்து வாயில் வைத்தேன்.

"ஸ்கூலு இல்லியா ஒனக்கு?"

"லீவு போட்டிருக்கேன்."

"எனக்காவா?" கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "பயந்துகினு கீற நீ."

"நான் சொன்னது தப்பு அஞ்சல. என்னாலதான் நீ ஊசிய விட்ட."

"நீ வுடுன்னு சொல்லலியே." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "எனக்கே வுடணும்னு இருந்துச்சு. நீ சொன்னது தோதா இருந்துச்சு. அவ்ளோதான்."

அவள் என்னைத் தேற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தேற்றுகிற பழக்கம் கிடையாது. உண்மையைச் சொன்னாள். இத்தனை வருடமாக நான் சுமப்பது அந்த "தோதா" என்ற சொல்லைத்தான். ஒருவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ அதையே சொல்லிவிடுவது எவ்வளவு எளிது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"வாயி கசக்குது" என்றாள். "ஒரு துண்டு கருவாடு சுட்டுக் குடேன்."

"டாக்டரம்மாவைக் கேட்டுட்டுத் தரேன்."

கேட்கவில்லை. கேட்க நாளைக்கு நேரம் இருக்கும் என்று நினைத்தேன். அன்று மாலை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மயக்கத்தில் இருந்தபோது வாந்தி மூச்சுக்குழலில் இறங்கியிருக்கவேண்டும், நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டரம்மா (நிமோனியா, நுரையீரல் அழற்சி). சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது, மூச்சு மட்டும் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, வார்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் இறந்துபோனாள். ஈரத் தரையில் வழுக்காமல் இருக்கச் செவிலியர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

ஒரு மாதம் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். என் கணவர் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் அந்த நாட்களில் எள் மூட்டைகளின் பக்கம் போவதையே தவிர்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் நான் எதுவும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் குற்றவாளிகளாக இருந்தோம்.

முனுசாமி மணலில் வலையைப் பரப்பிக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றேன்.

"மன்னிச்சுக்கோன்னு கேக்க வரல முனுசாமி. பார்க்கணும்னு தோணிச்சு."

அவன் ஊசியில் நூலைக் கோத்து முடித்த பிறகுதான் பேசினான். "ஒங்க மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன் டீச்சரு. கீது. எவ்ளோ நாளு இருக்குமோ தெரியல. அதுக்கு நீங்க தெனம் வந்து நின்னாலும் ஒண்ணும் ஆவாது."

"சரி."

"அதுக்கு ஒங்க மேல ரொம்ப ஆச. எங்க டீச்சரு, எங்க டீச்சருன்னு." எழுந்து குடிசைக்குள் போனான். பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். "பாதிதான் குடிச்சிகீது. மீதி அப்டியே கீது. கெட்டுப்போவல. மோந்து பாருங்க."

முகர்ந்து பார்த்தேன். அன்று ஆட்டியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு மாதம் நான் நல்லெண்ணெய் தொடவில்லை. மாத்திரையும் களியும் நடையும் மட்டும். வாரம் ஒருமுறை குழாயைக் காய்ச்சினேன். நீலம். ஒவ்வொரு முறையும் நீலம். எண்ணெய் இல்லாமலே என் உடம்பு சரியாக இருந்தது. அந்தச் சோதனையை அஞ்சலையிடம் வாய் திறப்பதற்கு முன்பே நான் செய்திருக்கலாம். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் போதும்.

எண்ணெயைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டுச் சமையல் பிறகு மறுபடியும் அதற்கே திரும்பியது. அது நல்ல உணவு. டாக்டரம்மா சொன்னது போல, அதற்குள் இருக்கும் காவல் பொருள் மனித ரத்தத்திலும் ஏதாவது நல்லது செய்வதாக ஒருநாள் தெரியவரலாம். அப்படி வந்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் தனக்கு எது குணம் தந்தது என்று சொல்லும்போது, அவருடைய நோய் எது என்று முதலில் கேளுங்கள். கேட்டபிறகும் உங்கள் மருந்தை டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மருந்து வாங்க நேரம் ஒத்துவரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

எனக்கும் நோய் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. மூன்று வருடத்தில் பாதங்களில் எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சலும் போய் மரத்துப்போயின (சர்க்கரை நரம்புகளைத் தின்றுவிடுவதால் உணர்ச்சி குறைவது). இப்போது தினமும் காலையில் ஒரு முகக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். முள் குத்தியிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று கண்தான் சொல்லவேண்டும். என் காலை நான் வேறொருவர் காலைப் பார்ப்பது போலப் பார்த்துப் பழகிவிட்டேன். நாட்களும் மாறிவிட்டன. பருவம், விடுமுறை, பரீட்சை என்று போய்க்கொண்டிருந்த வருடம் இப்போது ஒரு வேளைச் சாப்பாட்டிலிருந்து அடுத்த வேளைச் சாப்பாடு என்று துண்டு துண்டாக நகர்கிறது.

போன மாசியில் பள்ளிப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனோம். கோயிலெல்லாம் பார்த்து முடித்ததும் கடலில் கால் நனைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சரி, கணுக்கால் வரைக்கும்தான் என்று கண்டித்துவிட்டு நான் மணலிலேயே நின்றுகொண்டேன். வடக்கே குப்பத்துக் கட்டுமரங்களைக் கரையில் சாய்த்து வைத்திருப்பது தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், டீச்சர், ஒங்க செருப்பு போவுது!"

குனிந்து பார்த்தேன். சேலையின் கீழ் ஓரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. என் பாதங்கள் தண்ணீருக்குள் இருந்தன. ஒரு செருப்பு நாலு முழம் தள்ளி அலையில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் சில்லென்று இருந்திருக்கவேண்டும். மணல் காலடியில் அரித்துப் போயிருக்கவேண்டும்.

"எவ்வளவு நேரமா நான் தண்ணியில நிக்கிறேன்?" என்று அவளைக் கேட்டேன்.

"ரொம்ப நேரமா டீச்சர்" என்றாள்.